உயிரோடு இருப்பதற்கான சான்று

ஒவ்வொரு நவம்பரிலும் பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும்போது எனக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். மாமா உயிரோடுதான் இருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள், 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். முன்பெல்லாம் இந்த வாழ்நாள் சான்றுக்காக பஸ் ஏறி நாகர்கோவில் போய் வரிசையில் நிற்பார். இப்போது ஜீவன் பிரமாண் செயலி வந்துவிட்டது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை மாமா போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக உட்கார்ந்து சிமிட்ட மறந்துவிட்டார். மூன்று தடவையும் தோல்வி. "செத்தாச்சுன்னு எழுதிருவானுகளோ மக்களே" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் பயந்த மாதிரியும் இருந்தது.

அதே நவம்பரில், அதே போனில், 27ஆம் தேதி நெருங்க நெருங்க வேறொரு வரிசை வந்து சேரும். கார்த்திகைப் பூ, தீபம், கல்லறைகள். ஆண்டு முழுக்க ஃபார்வர்டு ஜோக் மட்டும் போடும் என் கல்லூரி நண்பர்கள்கூட அன்றைக்கு மாவீரர் நாள் படம் போடுவார்கள். நானும் பல வருடம் போட்டிருக்கிறேன். 2009 ஜனவரி கடைசியில் முத்துக்குமார் தீக்குளித்து இறந்ததும் அரசு கல்லூரிகளை மூடி விடுதியைக் காலி செய்யச் சொன்னபோது, பையைத் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டபடி வெளியே வந்த பொறியியல் மாணவர்களில் நானும் ஒருவன். அந்த மே மாதம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு வருடம் கழித்து, அந்தப் போரில் சாகாமல் மிஞ்சியவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்சி தொடங்கினார்கள், தேர்தலில் நின்றார்கள், தோற்றார்கள். அது நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரியவே தெரியாது. என் நண்பர்கள் யாருக்கும் தெரியாது. தீபம் போடத் தெரிந்த எங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? கொஞ்ச காலமாகவே இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

கட்சியின் பெயர் ஜனநாயகப் போராளிகள் கட்சி. 2015 ஜூலை தொடக்கத்தில் உருவானது. போர் முடிந்தபின் சரணடைந்தும் பிடிபட்டும் அரசின் 'புனர்வாழ்வு' முகாம்கள் வழியாக வெளியே வந்த முன்னாள் புலிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்காகப் பேச அவர்களே அமைத்த கட்சி இது. ஒருங்கிணைப்பாளராக முன்னே நின்றவர் வித்தியாதரன். அவர் போராளி இல்லை. உதயன், சுடர் ஒளி நாளிதழ்களின் ஆசிரியராக இருந்த பத்திரிகையாளர். 2009 பிப்ரவரியில் கொழும்பில் ஒரு மரணச் சடங்கில் இருந்தபோது பிடித்துக்கொண்டு போகப்பட்டு, சுமார் இரண்டு மாதம் கழித்து வெளியே வந்தவர். முதலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிடம் போய் முன்னாள் போராளிகளுக்கு வேட்பாளர் பட்டியலில் இடம் கேட்டார்கள். சம்பந்தன் கொடுக்கவில்லை. ஆகவே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக நின்றார்கள். ஆகஸ்ட் 17 வாக்குப்பதிவு. கூட்டமைப்புக்கு அந்த மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல், 7 இடங்களில் 5. முன்னாள் போராளிகளுக்கு 2,000 ஓட்டு முழுசாகத் தேறவில்லை.

அந்தப் பெயரையே கொஞ்சம் நிறுத்தி வாசிக்கலாம். 'போராளிகள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஜனநாயக' என்று ஒரு அடைமொழி. ஆயுதத்தைப் போட்டுவிட்டோம் என்று அரசுக்குச் சொல்கிறது. நாங்கள்தான் அவர்கள் என்று மக்களுக்குச் சொல்கிறது. ஒரே பெயர் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மன்னிப்பு, மறுபக்கம் உரிமை கோரல். இப்படி இரண்டு பேரிடம் ஒரே சமயத்தில் பேசுகிறவனை இரண்டு பேருமே நம்ப மாட்டார்கள் என்பது கல்யாண வீட்டுப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் 'முன்னாள் ராணுவத்தினர்' என்பது கௌரவமான சொல். வீட்டு கேட்டில் பெயர்ப்பலகையில் எழுதுவார்கள், பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்கு அந்த 'முன்னாள்'தான் தகுதி. அங்கே 'முன்னாள் போராளி' என்பது விசாரணைக் கோப்பில் இருக்கிற சொல். இரண்டிலும் ஒரே 'முன்னாள்'தான்.

2015ஐ ஒரு வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மே மாதம் கான் திரைப்பட விழாவில் 'தீபன்' தங்கப்பனை விருது வாங்கியது. போலி அடையாளத்தோடு பிரான்சுக்குப் போன முன்னாள் புலி ஒருவரின் கதை. நடித்தவர் ஷோபாசக்தி, இளம் வயதில் அந்த இயக்கத்தில் இருந்தவர். ஜூன் மாதம் தில்லி ஜந்தர் மந்தரில் இந்திய முன்னாள் ராணுவத்தினர் மெடல்களைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு. ஜூலையில் யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்சி. ஆகஸ்டில் தோல்வி. செப்டம்பர் 5ஆம் தேதி தில்லி அரசு கோரிக்கையை ஏற்பதாக அறிவித்தது. அக்டோபர் 18ஆம் தேதி, புலிகளின் மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி புற்றுநோயால் மகரகம மருத்துவமனையில் இறந்தார். ஆறு மாதத்துக்குள் எல்லாம். போரிலிருந்து திரும்பியவனை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. கற்பனைப் போராளிக்குத் தங்கப்பனை, தில்லிக்காரருக்கு ஓய்வூதியம், யாழ்ப்பாணத்துக்காரருக்கு 2,000க்கும் குறைவான ஓட்டு.

தில்லி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது மாமாவின் விஷயம். முன்னாள் ராணுவத்தினர் சொல்லும் கணக்கு இதுதான்: 1973 வரை ஜவானுக்குக் கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் ஓய்வூதியம், மூன்றாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது 50 ஆனது. ஜவான் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வெளியே வந்துவிடுகிறான். பின்னால் வருகிற ஊதியக் குழுக்களின் உயர்வு அவனுக்கு முழுதாக வராது. ஒரே பதவி, ஒரே சேவைக் காலம், ஆனால் எந்த வருடம் வெளியே வந்தாய் என்பதைப் பொறுத்து வேறு வேறு தொகை. இதைச் சரிசெய்யத்தான் அத்தனை வருடப் போராட்டம். தேசம் முழுக்க லட்சக்கணக்கில் ஓட்டு இருந்தும் முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒரு கட்சி இந்தியாவில் எழுந்து நிற்கவே இல்லை. தேவையும் இருக்கவில்லை. 2013 செப்டம்பரில் மோதி பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட இரண்டே நாளில் பேசிய முதல் பெரிய கூட்டம் ரேவாரியில் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம்தான். ராணுவத் தளபதியாக இருந்த வி.கே. சிங் மறுவருடம் காசியாபாத்தில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று ஜெயித்தார். பெரிய கட்சிகளே தேடி வரும்போது சின்னக் கட்சி எதற்கு? எங்கள் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர்கள் கேன்டீனில் ஒன்றாக வரிசையில் நிற்பார்கள். ஓட்டுப் போடும்போது சர்ச், கோயில், சாதி, கட்சி என்று தனித்தனியாகப் பிரிந்து போவார்கள். மாமாவும் அப்படித்தான்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016 தொடக்கத்தில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. யோசித்துப் பாருங்கள், கிளிநொச்சியில் உலகத்துக்கே முகமாக இருந்த ஒரு பெண்ணின் நினைவுக் குறிப்பு நாகர்கோவிலில் இருந்து வெளியாகிறது, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அந்தப் புத்தகத்தை மாமா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டுதான் வாசித்தேன். அதன் வழியாகத்தான் போருக்குப் பிந்தைய செய்திகளைத் தேடிப்போய் இந்தக் கட்சியை அறிந்தேன். மாமா அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "யாருலே இந்தப் பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் உண்டு. மாமா 1987இல் யாழ்ப்பாணம் போனவர். இந்திய அமைதி காக்கும் படை. அப்போது அவருக்கு 22 வயது. ஊரில் யாராவது சத்யராஜ் படத்தை வைத்து "அமைதிப்படையா அண்ணாச்சி?" என்று கேலி செய்தால் எழுந்து போய்விடுவார். தமிழ் தெரியும் என்பதால் வீடு சோதனைக்குப் போகும்போதெல்லாம் அவரை முன்னால் தள்ளுவார்களாம். "அவங்க பேச்சு நம்ம பேச்சு மாதிரிதான் மக்களே. மெட்ராஸ்காரனுக்குப் புரியாது, எனக்குப் புரியும்" என்று ஒருமுறை சொன்னார். கன்னிவெடிக்குப் பயந்து ரோட்டோரம் பார்த்துப் பார்த்து நடந்த பழக்கம் இன்னும் போகவில்லை. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் சாயங்காலம் நடக்கும்போதுகூட மற்றவர்கள் கால்தடத்தின் மேலேயேதான் காலை வைப்பார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கினார். முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அன்றைய தமிழ்நாட்டின் மனநிலை. நியாயமான மனநிலைதான், நானும் 2009இல் அப்படித்தான் பேசினேன். மாமாவிடம் பேசவில்லை, விடுதியில் பேசினேன். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. சென்னையில் அவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மாமாவிடம் கட்சியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை ஓட்டு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "அவனுகளுக்குப் பென்சன் யாரு குடுக்கா?"

நான் வாசித்த அலசல்கள் எதிலும் இந்தக் கேள்வி நடுவில் வரவில்லை. கூட்டமைப்பின் ஓட்டைப் பிரிக்கவா, பின்னால் யார் இருக்கிறார்கள், தேசியத் தலைமைக்கு மாற்றா, இதைத்தான் பேசினார்கள். ஒரு கால் இல்லாத முப்பத்தைந்து வயது ஆளுக்கு மாதம் என்ன வருமானம் என்று ராணுவத்தில் இருந்த மனிதருக்குத்தான் கேட்கத் தோன்றியது.

தோற்ற படைக்கு ஓய்வூதியம் கிடையாது. இது எங்கள் பக்கத்தில் நன்றாகவே புரியும். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மேல் திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. புதுக்கடை எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் போராட்டத்தை நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1956 நவம்பர் 1ஆம் தேதி கேட்டது கிடைத்ததும் கொஞ்ச காலத்தில் காங்கிரஸோடு கலந்துவிட்டது. ஒரு வக்கீலான நேசமணி இன்றும் 'மார்ஷல்' நேசமணி. போராடியவர்களுக்கு எல்லைக் காவலர்கள் என்று பெயர், தமிழ்நாடு அரசின் மாத உதவி. ஜெயித்த போராட்டத்தின் ஆட்களை அரசு தன் பதிவேட்டில் எடுத்துக்கொள்கிறது. அதன்பிறகு அவர்களுக்கென்று தனிக்கட்சி வேண்டியதில்லை. தோற்றவனுக்குத்தான் கட்சி வேண்டும், அவனிடம் வேறு எதுவும் இல்லை. அந்தத் தோல்வியையே காரணமாக வைத்துத்தான் அவனுக்கு ஓட்டும் விழாமல் போகிறது.

ஓட்டு ஏன் விழவில்லை? நன்றி கெட்ட மக்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், அப்படி எழுதியவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை.

2013 வடமாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் யாழ் மாவட்டத்தில் 87,870 விருப்பு வாக்குகள் வாங்கினார். விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். திருகோணமலை அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலனின் மனைவி அவர். எழிலன் 2009 மே மாதம் ராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்டவர். அனந்தி நின்றது கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்தில், ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு வருட இடைவெளியில் அதே மண்ணில் அந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது: திரும்பி வராத போராளிக்காக மக்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்தவனைப் பார்த்து, 'நீ எப்படி வந்தாய்?' என்று கேட்கிறார்கள்.

எப்படி வந்தாய் என்பதுதான் அந்தக் கட்சிமேல் விழுந்த சந்தேகத்தின் சாரம். புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்தவன் ராணுவப் புலனாய்வின் கண்காணிப்பில்தான் இருக்கிறான், எனவே அவன் தொடங்கும் கட்சியும் அவர்களுடையதாகத்தான் இருக்கும். இந்தத் தர்க்கத்தில் ஒரு கொடூரம் இருக்கிறது. ராணுவம் அவனைக் கண்காணிப்பது அவன்மேல் அதற்குச் சந்தேகம் இருப்பதால். நாம் அவனைச் சந்தேகிப்பது ராணுவம் அவனைக் கண்காணிப்பதால். என் வேலையில் இதை டெட்லாக் என்போம், இரண்டு ப்ராசஸும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு உறைந்து நிற்கும். வெளியிலிருந்து யாராவது ஒன்றைக் கொன்றால்தான் மற்றது நகரும்.

இந்தச் சந்தேகத்துக்கு இயக்கத்துக்குள்ளேயே ஒரு பரம்பரை உண்டு. 1989இல் பிரேமதாச அரசோடு பேசிக்கொண்டிருந்தபோது புலிகளே ஒரு கட்சியைப் பதிவு செய்தார்கள். விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணி. தலைவர் மாத்தையா. அந்தக் கட்சி தேர்தலைச் சந்திக்கவே இல்லை. மாத்தையாவை இந்திய உளவுத்துறையின் ஆள் என்று குற்றம் சாட்டி 1994 டிசம்பரில் இயக்கமே கொன்றது. அரசியல் பேசப் போகிறவன் எதிரியோடு பேசப் போகிறவன், எதிரியோடு பேசுகிறவன் உளவாளி. இந்தப் பாடத்தை முப்பது வருடம் சொல்லிக் கொடுத்த ஒரு இயக்கத்தின் மிச்சம், 2015இல் அரசியல் பேச வந்தது. மக்கள் பாடத்தை மறக்கவில்லை.

தமிழினியின் புத்தகத்துக்கும் இதேதான் நடந்தது. அது அவர் எழுதியதுதானா, இறந்தபின் யார் கை வைத்தார்கள், எந்த வரி யாருடையது என்று பெரிய விவாதம். கையெழுத்துப் பிரதி பற்றிய கேள்விகள் நியாயமானவை, எந்த நூலுக்கும் கேட்கலாம். ஆனால் அந்த விவாதத்தில் பலர் உண்மையில் சொன்னது வேறு: ஒரு உண்மையான போராளி இப்படி எழுதியிருக்க மாட்டார். அதாவது, இயக்கத்தை விமர்சித்தால் அது அவருடைய குரல் இல்லை. பேசுகிற முன்னாள் போராளி எப்போதும் பேசவைக்கப்பட்டவர். இந்த விதியை ஏற்றுக்கொண்டால் வெற்றிச்செல்வி, குணா கவியழகன், யோ. கர்ணன் யாரையும் வாசிக்க முடியாது. நம் வாசகர்கள் அவர்களை வாசிக்கும் விதத்திலும் இந்த விதியின் வாடை இருக்கிறது. தடுப்பு முகாமின் கொடுமையை எழுதினால் அடிக்கோடு போடுகிறோம், இயக்கத்தின் கொடுமையை எழுதினால் பதிப்பாளர் யார் என்று திருப்பிப் பார்க்கிறோம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் தீபம் போடுகிற வேலைதான். போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களும் போராளிகள்தான். தமிழினி இதைத் தன் புத்தகத்தில் குற்ற உணர்வோடு ஒப்புக்கொள்கிறார். கிளிநொச்சியும் யாழ் தேர்தல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பதினாறு வயது மகளை இழுத்துக்கொண்டு போன நாளை நினைவில் வைத்திருக்கும் ஒரு அம்மா, வாக்குச் சீட்டில் அவர்களுடைய குழுவின் பக்கத்தில் புள்ளடி போடாமல் வந்தால் அதை நன்றிகெட்டதனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மா அதை மேடையில் சொல்ல முடியாது, பத்திரிகையில் எழுத முடியாது, பக்கத்து வீட்டில்கூடச் சொல்வது கஷ்டம். நவம்பரில் அவளும் விளக்கேற்றத்தான் செய்வாள், மகளுக்காக. திரைக்குப் பின்னால் பென்சிலோடு நின்ற அந்த அரை நிமிடம் மட்டுமே அவளுக்குச் சொந்தம். அப்படி எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து யாரும் பிரித்து எடுக்க முடியாது. ஆனால் இருந்திருப்பார்கள்.

என் வருத்தம் தண்டனை போய்ச் சேர்ந்த இடம் பற்றியது. முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனார்கள், அவர்கள் படங்களுக்கு இன்று மாலை விழுகிறது. வாக்குப்பெட்டியின் கணக்கு போய்ச் சேர்ந்தது மிஞ்சியவர்களிடம். அவர்களில் எத்தனையோ பேர் தாங்களே பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள்.

கட்சியின் தவறும் இங்கேதான் என்று நினைக்கிறேன். அவர்கள் போராட்டத்தின் வாரிசாகப் போய் நின்றார்கள். வாரிசாக நின்றால் சொத்தோடு கடனும் சேர்ந்து வரும். செயற்கைக் கால், வேலை, சிறுகடன், முதுகெலும்பில் குண்டுச் சிதறலோடு படுத்திருப்பவனுக்கு மருந்து, இயக்கம் தங்களுக்குச் செய்தது, தாங்கள் மக்களுக்குச் செய்தது என்று ஒரு காயப்பட்ட தரப்பாக நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்களா? மாட்டார்கள். ஆனால் அது வேறுவிதத் தோல்வியாக இருந்திருக்கும். ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் தேசபக்தியைப் பேசினாலும் கடைசியில் கணக்கு நோட்டை நீட்டினார்கள். நேபாளத்தில் மாவோயிஸ்ட் படையைக் கலைத்தபோது, 2012இல், விலகிய போராளிகளுக்கு 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் வரை கொடுத்தார்கள். அதிலும் ஆயிரம் ஊழல் புகார். இருந்தாலும் 'இவன் போரில் இருந்தான், இவனுக்கு ஏதாவது தர வேண்டும்' என்ற ஒரு வரி அரசு ஆவணத்தில் ஏறியது.

அதே தீவில் வேறு உதாரணங்களும் இருக்கின்றன. கிழக்கில் கருணாவோடு பிரிந்தவர்களின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, அரசின் தயவோடு 2008இல் பிள்ளையானை முதலமைச்சர் ஆக்கியது. 2020இல் அவர் சிறையில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்குகளோடு நாடாளுமன்றம் போனார். முன்னாள் புலிக்கு ஓட்டே விழாது என்பது பொய். அதிகாரத்தோடு சேர்ந்த முன்னாள் புலிக்கு விழுகிறது. தெற்கில் ஜே.வி.பி. இரண்டு முறை ஆயுதம் எடுத்து இரண்டு முறையும் நசுக்கப்பட்டது. 1989 நவம்பரில் ரோஹண விஜேவீர கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் தேதி அவர்களும் தங்கள் இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள், மாவீரர் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால். யாரும் தடுப்பதில்லை. 2024இல் அந்தக் கட்சியின் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதி. அந்த நவம்பரில் அவர்களுடைய கூட்டணி யாழ்ப்பாணத்திலேயே 6 இடங்களில் 3 வென்றது. ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கிய கட்சிக்கு யாழ்ப்பாணத்து வாக்காளர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், அது தங்கள் பிள்ளைகளின் கட்சி இல்லை, அவ்வளவுதான். இதை முரண் என்று ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுத் துப்பாக்கி தன் கூரைக்குக் கீழே என்ன செய்தது என்று அவரவருக்குத்தான் தெரியும்.

ஜனநாயகப் போராளிகள் கட்சி அந்தத் தோல்வியோடு மறைந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி என்று ஒன்று அமைந்தது. அதில் டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப் ஆகியவற்றோடு இவர்களும் சேர்ந்தார்கள். இந்தப் பெயர்களை என்னைவிட இளையவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1986 மே மாதம் டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றது புலிகள். அந்த இயக்கத்தின் பிள்ளைகளை யாழ்ப்பாணத் தெருக்களில் வைத்து அழித்தது புலிகள். 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப் தலைவர் பத்மநாபாவையும் கூட இருந்தவர்களையும் சுட்டது புலிகள். அந்தப் புலிகளில் மிஞ்சியவர்களும், அவர்களிடமிருந்து தப்பி மிஞ்சியவர்களும் இப்போது ஒரே கூட்டணி. ஒரு நாவலில் இப்படி எழுதினால் நாடகத்தனம் என்று விமர்சகர்கள் அடிப்பார்கள். நம்மிடம் அந்தப் போரைப் பற்றி இத்தனை நாவல்கள் இருக்கின்றன. அந்த மேசையைப் பற்றி, முதல் கூட்டத்தில் யார் முதலில் பேசினார், யார் யாருடைய முகத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பற்றி ஒரு சிறுகதைகூட நான் வாசித்ததில்லை. காட்டுக்குள் நடந்ததை எழுத நமக்கு மொழி கிடைத்துவிட்டது. கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது மனிதர்களை எழுத இன்னும் கிடைக்கவில்லை.

போன நவம்பரில், சான்று பதிவாகிவிட்டது என்று போனில் மெசேஜ் வந்தபிறகு, இந்தக் கூட்டணி விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அந்த எழுத்துகள் எல்லாமே நினைவிருந்தது. அவர் அங்கே இருந்தபோது ஈ.பி.ஆர்.எல்.எஃப்காரர்கள் இந்தியப் படைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், புலிகள் எதிர்ப்பக்கம், இவர் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு. கதவு கதவாகத் தட்டிக் கேட்ட கேள்விகள்.

"ஒரே மேசையிலயா?"

"ஆமா மாமா."

"சாயா குடிச்சானுகளா?"

"குடிச்சிருப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ஒரு மெடல் பெட்டி அலமாரியில் உண்டு, அதை ஒருபோதும் காட்ட மாட்டார். அன்றைக்கும் காட்டவில்லை. உள்ளே பார்த்து மாமியிடம், "மக்களுக்கு ஒரு சாயா போடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைக்க புஸ்தகம் இருக்கா? இங்க வச்சிட்டுப் போ" என்றார்.